இந்தப் பெஞ்சு யாருக்கு?

வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: யாக்கோபு 2:1-9



மேலே சொன்ன பகுதியை முதலில் ஒருதரம் எடுத்து வாசித்துவிட்டு இந்தப் பாடத்துக்கு வாருங்கள். மோதிரம் போட்டு மினுக்காய் வருகிறவருக்கு நல்ல ஆசனம், கந்தையோடு வருகிற ஏழைக்கு ஓரத்தில் ஒரு இடம் என்று காட்டுகிற சபையைப் பற்றி யாக்கோபு எழுதுகிறார். அவர் கண்டிக்கிறது ஆராதனைக்குக் கூடிவந்த விசுவாசிகளை என்பதைக் கவனியுங்கள். 

இந்தப் பகுதியை வைத்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். இந்தத் தடவை பிரசங்கமாகச் சொல்லாமல், அந்த ஓரத்து இடத்தில் உட்கார வைக்கப்பட்ட ஒரு சகோதரியின் சரித்திரத்தையே சொல்லலாம் என்று எனக்குப் பாரம் உண்டாயிற்று. அவர்கள் பெயர் சாரா மாப்ஸ் டக்ளஸ். அமெரிக்க தேசத்தின் பிலதெல்பியா பட்டணத்தில் 1806-ஆம் வருஷம் பிறந்தவர்கள். கறுப்பினப் பெண். அரை நூற்றாண்டு போல பள்ளிக்கூட ஆசிரியை. அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்கள்.

பிலதெல்பியா என்றதும் வெளிப்படுத்தின விசேஷம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஏழு சபைகளில் ஒன்று. அந்தப் பெயருக்கு சகோதர சிநேகம் என்று அர்த்தம். அமெரிக்காவில் இந்தப் பட்டணத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் வில்லியம் பென். அவர் குவேக்கர் என்ற சபைப்பிரிவைச் சேர்ந்தவர். குவேக்கர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏன்னா கதையே அவர்களைச் சுற்றித்தான்.

அவர்கள் கூடுகையில் போதகர் கிடையாது, பாட்டு கிடையாது. எல்லாரும் அமைதியாய் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவர் எழுந்து பேசுவார். ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி. நம் ஆராதனைச் சத்தத்துக்குப் பழகினவர்களுக்கு அது விநோதமாய்த் தெரியும். ஆனாலும் ஆவியானவரின் ஏவுதலை நம்பினவர்கள் என்ற வகையில் அவர்கள் நமக்கு அந்நியர் அல்ல. அடிமைத்தனம் பாவம் என்று அமெரிக்காவில் மற்றவர்களுக்கு முன்னே சொன்னவர்களில் அவர்கள் உண்டு. 1688-லேயே பிலதெல்பியாவுக்குப் பக்கத்திலுள்ள ஜெர்மன்டவுனில் சில குவேக்கர்கள் அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1776-இல் பிலதெல்பியா குவேக்கர்களின் வருடாந்தர சங்கம், அடிமைகளை வைத்திருப்பவர் இனி நம் அங்கத்தினர் அல்ல என்று தீர்மானித்தது. மற்ற எத்தனையோ சபைகள் அப்போது வாயைத் திறக்கவே இல்லை. இவ்வளவு நல்ல ஜனங்கள்! இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சாராவின் தாத்தா சைரஸ் பஸ்டில், அடிமையாகப் பிறந்தவர். ரொட்டி சுடும் தொழிலை ஒரு குவேக்கரிடம் கற்று, விடுதலையும் பெற்று, பேக்கரி வைத்துப் பிழைத்தார். அமெரிக்க விடுதலைப் போரில் போர்ச்சேவகருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர். குவேக்கர்களின் போதனை அவருக்குப் பிடித்துப்போனது. அவர் மகள் கிரேஸும் அதே வழியில் நடந்தாள். குவேக்கர்களைப் போலவே ஆடம்பரமில்லாத உடை, ஆடம்பரமில்லாத பேச்சு. தொப்பி தைத்து விற்கும் கடை நடத்தினாள். கணவர் ராபர்ட் டக்ளஸ் முடி திருத்துபவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்றதும், 1819-இல் கிரேஸ், ஜேம்ஸ் ஃபோர்ட்டன் என்ற கறுப்பினத் தொழிலதிபரோடு சேர்ந்து தாங்களே ஒன்றை ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவள்தான் சாரா.

தாயும் மகளும் ஆர்ச் தெருவில் உள்ள குவேக்கர் கூடுகைக்குப் போவார்கள். அங்கே அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு வைத்திருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே. கறுப்பு ஜனங்களுக்கு மட்டும் அந்தப் பெஞ்சு. வெள்ளைக்காரர் யாராவது தெரியாமல் அதில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று அதன் ஓரங்களில் ஆள் உட்கார்ந்து காவல் காப்பார்கள். யாராவது புதிதாய் உள்ளே வந்து காலியாய் இருக்கிறதே என்று அந்தப் பக்கம் திரும்பினால் போதும், இது கறுப்பு ஜனங்களின் பெஞ்சு என்று சொல்லி வேறு பக்கம் அனுப்பிவிடுவார்கள். ஒரே ஆராதனையில் ஐந்தாறு தடவை அந்த வார்த்தை சாராவின் காதில் விழுமாம். சின்னப் பிள்ளை. யோசித்துப் பாருங்கள். எல்லாரும் கண்மூடி தேவ சமுகத்தில் அமைதியாய்க் காத்திருக்கிற நேரம். பாட்டுச் சத்தமில்லை, ஜெபச் சத்தமில்லை. அந்த நிசப்தத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான்.

கிரேஸ் அம்மாள் வருஷக்கணக்காய் அந்தக் கூடுகைக்குப் போனார்கள். கடைசிவரை அங்கத்தினராகச் சேர்க்கப்படவில்லை. விண்ணப்பித்தாலும் ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தப் பெஞ்சைப் போட்டவர்கள் அடிமைகளை அடித்தவர்கள் அல்ல. அடிமைகளை விடுதலையாக்கினவர்கள். தர்மம் செய்தவர்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டப் பணம் கொடுத்தவர்கள். அவர்களுக்குக் கறுப்பு ஜனங்கள் மேல் இரக்கம் இருந்தது. பக்கத்தில் உட்கார மட்டும் மனசு வரவில்லை. இரக்கப்படுகிறதும் பக்கத்தில் உட்காருகிறதும் ஒன்றல்ல என்பதை இந்தச் சரித்திரம் போல எனக்கு வேறு எதுவும் தெளிவாய்க் காட்டவில்லை.

இன்னொரு சம்பவம். 1830-களின் ஆரம்பத்தில் சாரா நியூயார்க் பட்டணத்தில் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அங்கேயும் குவேக்கர் கூடுகைக்குப் போனார்கள். யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு அம்மா வந்து பேசினார்களாம். என்ன பேச்சு தெரியுமா? வீடு துடைக்கிற வேலைக்குப் போகிறாயா என்று ஒரு கேள்வி! சாராவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இல்லை என்றார்கள். அப்படியானால் என்ன செய்கிறாய்? நான் பள்ளிக்கூடம் நடத்துகிறேன். அந்த அம்மா ஓகோ என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்றைக்குக் கூடுகை முழுவதும் சாரா அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வேலை இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை. நம் சபையிலேயே அந்த வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கின தாய்மார் உண்டு, அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் தோலைப் பார்த்து, வேலையை முடிவு பண்ணிக்கொண்டு, பிறகு வாயைத் திறக்கிறார்கள் பாருங்க, அதுதான் ஆளைக் குத்துகிறது.

சாரா இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எப்படி எழும்பினார்கள் என்பதையும் பார்ப்போம்.

அவர்கள் வசதியாய் வளர்ந்தவர்கள். பென்சில்வேனியாவில் அடிமைத்தனத்தைப் படிப்படியாய் ஒழிக்கும் சட்டம் 1780-லேயே வந்துவிட்டது. தெற்கே லட்சக்கணக்கானோர் அடிமைகளாய் இருந்தாலும், தன் வீட்டுக்குள் புத்தகமும் நல்ல சிநேகிதிகளுமாய் நிம்மதியாய் இருந்ததைச் சாராவே பிறகு சொல்லியிருக்கிறார்கள். பிறகு பென்சில்வேனியா சட்டசபையிலேயே ஒரு மசோதா வந்தது. கறுப்பின மக்கள் வெளியிலிருந்து வந்து குடியேறுவதைத் தடுக்கவும், ஏற்கெனவே இருப்பவர்களைக் கட்டுப்படுத்தவும் அது. ஒடுக்குகிறவன் தன் வாசற்படிக்கே வந்துவிட்டான் என்று அப்போது உணர்ந்ததாக 1832-இல் தன் சகோதரிகளுக்கு முன் எழுந்து பேசினார்கள். தூரத்தில் இருந்த அடிமையின் பாடு அன்றிலிருந்து தன் சொந்தப் பாடாகிவிட்டது என்றார்கள்.

அந்தச் சகோதரிகள் யார் என்றால், 1831-இல் பிலதெல்பியாவில் கறுப்பினப் பெண்கள் தங்களுக்குள் தொடங்கின ஒரு வாசிப்புச் சங்கம். கூடிவந்து வேதம் வாசிப்பார்கள், நல்ல புத்தகங்கள் வாசிப்பார்கள், தாங்களே கட்டுரை எழுதிப் பெயர் போடாமல் ஒரு பெட்டியில் போடுவார்கள், ஒருவர் எடுத்து வாசிக்க மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். விருந்து பெரிதாய் இருக்கக் கூடாது, எளிமையாய் இருக்க வேண்டும் என்று ஒழுங்கு. மனதுக்குத்தான் விருந்து. நம் பெண்கள் ஐக்கியத்தில் பிரியாணியா, சாம்பார் சாதமா என்று பேசவே அரைமணி நேரம் போய்விடுகிறது, அது வேறு விஷயம்!

1833 டிசம்பரில் பிலதெல்பியா பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் உண்டாயிற்று. லுக்ரீஷியா மாட் என்ற வெள்ளைக்காரக் குவேக்கர் ஊழியக்காரி, கிரேஸ் டக்ளஸ், ஜேம்ஸ் ஃபோர்ட்டனின் மனைவியும் மகள்மாரும், சாரா, எல்லாரும் அதிலே. கறுப்பும் வெள்ளையும் ஒரே மேஜையில். அந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம். சாராவும் அந்தச் சங்கத்தின் பொறுப்புகளில் வருஷக்கணக்காய் உழைத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் தெற்கேயிருந்து இரண்டு சகோதரிகள் வந்து சேர்ந்தார்கள். சாரா கிரிம்கே, ஆஞ்சலினா கிரிம்கே. தென் கரோலினாவில் அடிமைகளை வைத்திருந்த பெரிய குடும்பத்துப் பெண்கள். அதை வெறுத்து, விட்டுவிட்டு, பிலதெல்பியாவில் குவேக்கர்களாய்ச் சேர்ந்தார்கள். ஆர்ச் தெருக் கூடுகையில் அவர்கள் செய்த காரியம் என்ன தெரியுமா? நேரே போய் அந்தப் பெஞ்சில் டக்ளஸ் அம்மாளுக்கும் மகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூப்பர்கள் வந்து, இப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். இவர்கள் எழுந்திருக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சகோதரிகள் மேடையில் செய்த பெரிய பெரிய பிரசங்கங்களைவிட இதை நான் உயர்வாய் வைப்பேன். பேச வரம் எல்லாருக்கும் இல்லை. எழுந்துபோய் இன்னொரு இடத்தில் உட்கார வரம் ஒன்றும் தேவையில்லை.

1838 மே மாதம். பிலதெல்பியாவில் அடிமை ஒழிப்புக்காரர்கள் சுமார் 40,000 டாலர் செலவில் பென்சில்வேனியா மண்டபம் என்று பெரிய கட்டிடம் கட்டி, 14-ஆம் தேதி திறந்தார்கள். வேறு யாரும் இவர்களுக்குக் கூட்டம் நடத்த இடம் தராததால் கட்டின மண்டபம். அதே நாளில் ஆஞ்சலினாவுக்குக் கல்யாணம். கிரேஸும் சாராவும் அந்தக் கல்யாணத்துக்குப் போனார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து கல்யாணத்தில் கலந்தார்கள் என்று ஊரெல்லாம் ஒரே வதந்தி. 16-ஆம் தேதி இரவு மண்டபத்தில் ஆஞ்சலினா பேசுகையில் ஜன்னல்களில் கல் வந்து விழுந்தது. மறுநாள் வெளியே கலகக்கூட்டம் சூழ்ந்து நிற்க, உள்ளே இருந்த பெண்கள் கறுப்பு ஒருவர் வெள்ளை ஒருவராய்க் கைகோத்துக்கொண்டு நடுவே நடந்து வெளியேறினார்கள். அன்றிரவு மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். திறந்து மூன்றே நாள். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள்; பக்கத்துக் கட்டிடங்களின் மேல் தண்ணீர் அடித்துவிட்டு மண்டபத்தை எரிய விட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் கறுப்பின அநாதைப் பிள்ளைகளின் விடுதியையும் ஒரு கறுப்பின சபைக் கட்டிடத்தையும் கலகக்காரர் தாக்கினார்கள்.

மண்டபம் எரிந்த மறுநாள் காலை அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு இருந்தார்களா? இல்லை. சாரா பூ என்ற ஒரு ஆசிரியையின் பள்ளிக்கூட அறையில் கூடி, மாநாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அங்கே சாரா கிரிம்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆராதனை ஸ்தலங்களில் கறுப்பின ஜனங்களோடு சேர்ந்து உட்காரவும், தெருவில் அவர்களோடு நடக்கவும், வண்டியிலும் கப்பலிலும் அவர்களோடு பழகவும், அவர்கள் வீட்டுக்குப் போய் நம் வீட்டுக்கு அவர்களை அழைக்கவும் அடிமை ஒழிப்புக்காரர் கடமைப்பட்டவர்கள் என்பது அதன் சாரம். முதல் காரியமாய் ஆராதனை ஸ்தலம். ஆர்ச் தெருப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதின தீர்மானம் வேறு எப்படி இருக்கும்! சிலர் இதை எதிர்த்தார்கள், அதுவும் உண்மை. அடிமைத்தனத்தை எதிர்த்து வந்த கூட்டத்திலேயே, பக்கத்தில் உட்காருவதற்கு எல்லாரும் சம்மதிக்கவில்லை. இருந்தாலும் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த வருஷம், 1839-இல், பட்டணத்து மேயரே லுக்ரீஷியா மாட் அம்மையாரிடம் வந்து, கறுப்பினப் பெண்களோடு தெருவில் தேவையில்லாமல் நடக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். எப்போதும் நடக்கிறபடிதான் நடப்போம் என்று பதில் வந்தது. மண்டபம்தான் எரிந்து போனதே, அந்த வருஷத்து மாநாடு குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நடந்தது.

இந்தக் கலகங்களுக்கு நடுவில் சாரா டக்ளஸ் எழுதின கடிதங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1837-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த வில்லியம் பாசெட் என்ற குவேக்கர், உங்கள் கூடுகையில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று கேட்டு எழுதினார். சாரா ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதினார்கள். பெஞ்சைப் பற்றி, காவலைப் பற்றி, குழந்தையாய் இருந்தபோது தன் ஆத்துமா பட்ட வேதனையைப் பற்றி. தான் நாலு வருஷமாய் ஆர்ச் தெருவுக்குப் போகவில்லை என்றும், தாய் மட்டும் வாரம் ஒருதரம் போகிறார்கள் என்றும், பல நாட்களில் அந்த நீளப் பெஞ்சு முழுவதும் தாய் ஒருத்திக்குத்தான் என்றும் எழுதினார்கள்.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கூட்டம் நிறைந்த ஆலயத்தில் ஒரு நீளப் பெஞ்சு, அதில் ஒரு வயதான ஸ்திரீ.

தாய் போனது சரியா, மகள் நின்றது சரியா என்று வீட்டுக் கூட்டத்தில் கேட்டால் இரண்டு பக்கமும் பேசுவீர்கள். நானும் பேசுவேன். பேசுங்கள், நல்லது. ஆனால் அந்த இருவரையும் அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றியும் பேசுங்கள். சபையில் ஒருவர் வரவில்லை என்றால், பின்மாற்றம் என்று சொல்லிவிடுகிறது நமக்குச் சுலபம். வந்த நாட்களில் நாம் அவரை எங்கே உட்கார வைத்தோம் என்று கேட்கிறது கஷ்டம்.

சாராவின் சாட்சி கடல் கடந்தும் போனது. இங்கிலாந்தில் இருந்த எலிசபெத் பீஸ் என்ற குவேக்கர் சகோதரி அமெரிக்கக் குவேக்கர்களின் நிலைமையை அறிய விரும்பியதால், சாரா கிரிம்கே இந்த விவரங்களையெல்லாம் திரட்டி அனுப்பினார்கள். 1840-இல் அங்கே அது ஒரு சிறு புத்தகமாய் அச்சேறியது. கவனியுங்கள், சாரா டக்ளஸ் குவேக்கர்களைச் சபித்து எழுதவில்லை. அவர்களில் பலர் அவருக்கு நல்ல நண்பர்கள். ஆனால் நண்பர்கள் என்பதற்காக நடந்ததை மூடி மறைக்கவும் இல்லை.

அதே நிமிர்ந்த குணம் பள்ளிக்கூட விஷயத்திலும் இருந்தது. கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்கு அவர்கள் நடத்தின பள்ளியை 1838-இல் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் பொறுப்பேற்று நடத்தியது. பணக் கஷ்டம் தீர்ந்தது. ஆனால் 1840-இல் சாரா பள்ளியைத் தன் கைக்கே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தன் பிள்ளைகளுக்கு எதை, எப்படிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்ய அவர்கள் விடவில்லை. அந்தப் பள்ளியில் எழுத்து, கணக்கு மட்டுமல்ல, சிப்பிகளும் தாதுக் கற்களும் சேகரித்து ஒரு பேழையில் அடுக்கி வைத்து விஞ்ஞானமும் கற்றுக்கொடுத்தார்கள். தெற்கே பல மாகாணங்களில் அடிமைக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே சட்டப்படி குற்றமாய் இருந்த காலம் என்பதை மறக்கக் கூடாது.

நம் பெந்தெகொஸ்தே சரித்திரத்திலும் இந்தப் பெஞ்சுக்கு ஒரு தங்கை உண்டு. அடிமைகளாயிருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் 1906-இன் தொடக்கத்தில் ஹூஸ்டன் பட்டணத்தில் சார்லஸ் பார்ஹாம் நடத்தின வேதபாடசாலைக்குப் போனார். நிறப் பிரிவினை காரணமாய் வகுப்பறைக்குள் மற்ற மாணவரோடு உட்கார இடமில்லை. வெளியே உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாய்ப் பாடம் கேட்டார். அந்த மனிதனைத்தான் அதே வருஷம் ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் அசுசா தெரு எழுப்புதலுக்குக் கர்த்தர் எடுத்து உபயோகித்தார். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் பத்திரிகைகள் கேலி செய்தன. எழுப்புதல் வேண்டும் என்று உபவாசிக்கிற நாம் அசுசாவின் அந்நிய பாஷையைப் பற்றி நிறைய பேசுகிறோம். அசுசாவின் பலகையைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்?

சாராவின் பிற்காலத்தைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். 1842-இல் தாய் கிரேஸ் நித்திரையடைந்தார்கள். 1853-இல் குவேக்கர்கள் கறுப்பின வாலிபருக்காக நடத்தின கல்விக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் ஆரம்பப் பிரிவுக்குச் சாரா பொறுப்பேற்றார்கள். ஆமாம், குவேக்கர்களின் பள்ளிதான்! அங்கே 1877 வரை கற்றுக்கொடுத்தார்கள். 1850-களில் மருத்துவக் கல்லூரி வகுப்புகளுக்கும் போனார்கள், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு. கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், கறுப்பினத் தாய்மாருக்கும் பெண்களுக்கும் உடலமைப்பு, சுகாதாரம் பற்றி வகுப்புகள் எடுத்தார்கள். பெண்கள் இதையெல்லாம் பேசுவதே கூச்சம் என்று நினைத்த காலம் அது.

1855-இல், 49 வயது ஆகும் சமயம், வில்லியம் டக்ளஸ் என்ற போதகரை விவாகம் செய்தார்கள். மனைவியை இழந்தவர், ஒன்பது பிள்ளைகள். அந்த வாழ்க்கை சுகமாய் இருக்கவில்லை என்று சாராவின் கடிதத்திலிருந்து தெரிகிறது. கசப்பான பள்ளிக்கூடம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அவர் ஊழியம் செய்தது செயின்ட் தாமஸ் சபையில். 1794-இல் திறக்கப்பட்ட அந்தச் சபையின் தொடக்கமும் ஒரு இடத் தகராறுதான். வெள்ளையர் சபை ஒன்றில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சகோதரனை, இது உன் இடமல்ல என்று ஜெபத்தின் நடுவிலேயே பிடித்து எழுப்பினார்கள். அவரும் அவரோடு இருந்தவர்களும் எழுந்து ஒன்றாய் வெளியே நடந்தார்கள். அவர்தான் செயின்ட் தாமஸ் சபையை நிறுவினார்.

சாராவும் சாரா கிரிம்கேயும் 1873-இல் கிரிம்கே மரிக்கும் வரை ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் தொடங்கிய சிநேகம், நாற்பது வருஷத்துக்குக் கிட்டே. சாரா 1882-இல் பிலதெல்பியாவில் மரித்தார்கள். அழகாய்ப் படம் வரையவும் தெரிந்தவர்கள் அவர்கள். சிநேகிதிகளின் ஞாபகார்த்தப் புத்தகங்களில் பூக்களை வரைந்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அவற்றில் சில அந்தப் பட்டணத்தின் பழைய நூலகம் ஒன்றில் பத்திரமாய் இருக்கின்றன.